ஏழு குட்டைச் சங்கு, ஒரு நீளச் சங்கு: கப்பல் ஏறுமுன் கற்க வேண்டிய உயிர்காப்பு

2025 மே 24 அன்று, விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குப் போய்க்கொண்டிருந்த ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ சரக்குக் கப்பல் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. கப்பலில் 24 பேர். அவர்களில் ஒன்பது பேர் முதலிலேயே உயிர்காப்பு மிதவைகளில் இறங்கிவிட்டார்கள். கடலோரக் காவல்படை விமானம் மேலும் மிதவைகளைப் போட்டது. அன்றைக்கே 21 பேர் மீட்கப்பட்டார்கள். கப்பலைக் காப்பாற்றப் பார்த்துத் தங்கிவிட்ட கேப்டனும் இரண்டு இன்ஜினியர்களும் மறுநாள் காலை கடற்படைக் கப்பலுக்கு மாறினார்கள். 640 கண்டெய்னர்களோடு கப்பல் மூழ்கியது, ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் குமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கியதைக் கடற்புறத்து மக்கள் கண்ணால் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து, ஜூன் 9 அன்று, கொழும்பிலிருந்து மும்பைப் பக்கம் போன ‘வான் ஹை 503’ கப்பல் வடகேரளக் கடலில் வெடித்துத் தீப்பிடித்தது. இருந்த 22 பேரில் 18 பேரே மீட்கப்பட்டார்கள். நான்கு பேரைக் காணவில்லை.

வணிகக் கப்பலில் வேலைக்குப் போகிறவர் இந்த இரண்டு நாள்களுக்கும் சேர்த்துத்தான் தயாராக வேண்டும். அதற்கான பயிற்சி எது, எந்த வரிசையில் முடிப்பது, எங்கே தவறு நேர்கிறது என்பதே இந்த அத்தியாயம்.

நீச்சல் தெரிந்தால் போதுமா?

முட்டத்திலோ குளச்சலிலோ தூத்தூரிலோ பிறந்தவருக்குக் கடலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடித்துவருகிறவர்கள். அந்தப் பழக்கம் பெரிய முதல்தான். ஆனால் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது உயிர்விட்டவர்களும் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே. கவிழ்ந்த படகைப் பிடித்தபடி நாள்கணக்கில் கிடந்தவர்களுக்குக் கடைசியில் கை கொடுத்தது மிதப்பும், உடல் சூடும், தேடி வருகிறவர் கண்ணில் படும் வழியும்தான்.

கப்பல் இன்னும் வேறு உலகம். தண்ணீருக்கும் மேல்தளத்துக்கும் இடையே சில கப்பல்களில் தென்னை உயரம் இருக்கும். இன்ஜின் அறை பல தளம் கீழே. விளக்கு அணைந்து புகை சூழ்ந்தால் வழி தெரியாது. எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்ற வரிசை உடம்பில் ஏறியிருக்க வேண்டும். அதைக் கற்றுத்தரத்தான் எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற உலகளாவிய ஒப்பந்தம் 1978-இல் உருவானது. 2010-இல் மணிலாவில் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இந்தியாவில் இதை நடைமுறைப்படுத்துவது மும்பையில் உள்ள கப்பல் துறை தலைமை இயக்குநரகம். கடற்காரர்கள் வாயில் இது ‘டி.ஜி. ஷிப்பிங்’.

ஐந்து பாடங்கள்

சமையல்காரர் முதல் பயிற்சி அதிகாரியான கேடட் வரை, கப்பலில் ஏறும் இந்தியக் கடலோடிக்கு ஐந்து அடிப்படைப் பாடங்கள் தேவை: கடலில் உயிர் பிழைக்கும் முறை, தீத்தடுப்பும் தீயணைப்பும், அடிப்படை முதலுதவி, சொந்தப் பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும், பாதுகாப்புக் கடமைகளுக்கான பயிற்சி. வரிசையாக முடிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். ஜிபி ரேட்டிங் (டெக், இன்ஜின் இரண்டுக்குமான அடிநிலைப் பணியாளர் பயிற்சி) போன்ற முழுநேரப் படிப்பில் சேருகிறவருக்கு இவை அந்தப் படிப்போடு சேர்ந்தே வரும்.

இங்கே பலர் ஏமாறுகிறார்கள். இந்த ஐந்து சான்றிதழ்கள் கையில் இருந்தால் கப்பலில் ஏறும் தகுதியில் ஒரு பகுதிதான் வந்தது, வேலை வரவில்லை. டெக்கிலோ இன்ஜினிலோ ரேட்டிங்காகச் சேர ஆறு மாத ஜிபி ரேட்டிங் போன்ற அங்கீகரிக்கப்பட்ட முன்பயிற்சி வேண்டும். சமையல் பிரிவுக்குத் தனிப் படிப்பு உண்டு. “ஐந்து கோர்ஸ் முடி, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லும் தரகரிடமிருந்து அந்த நிமிடமே எழுந்துவிட வேண்டும்.

காகித வேலை: எது முன்னே, எது பின்னே

1. கண் பரிசோதனை. மற்ற எதற்கும் பணம் கட்டுமுன் டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் போக வேண்டும். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்வார். நிறக்குருடு இருந்தால் டெக் வேலை கிடையாது. சிவப்பு, பச்சை விளக்குகளை வைத்துத்தான் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று இரவில் கண்டுகொள்கிறார்கள். லட்சக்கணக்கில் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு.

2. பாஸ்போர்ட். பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இனிஷியல்தான் வம்பு. ஓரிடத்தில் வெறும் எழுத்து, இன்னோரிடத்தில் அப்பா பெயர் முழுதாக, மூன்றாவதில் அது குடும்பப் பெயராக. இதை இப்போதே சரிசெய்யாவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு ஆவணத்திலும் இதே கேள்வி எழும்.

3. இண்டோஸ் நம்பர். இந்தியக் கடலோடிகளின் தேசியப் பதிவு எண் இது. டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வாழ்நாளுக்கு ஒன்றுதான். இது இல்லாமல் முறையான எந்தப் பயிற்சி நிலையமும் வகுப்பில் சேர்க்காது. சேர்த்தால் அந்த நிலையத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

4. பயிற்சி வகுப்புகள்.

5. சி.டி.சி. கடலோடியின் பணிப்பதிவுப் புத்தகம். பயிற்சிச் சான்றுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். பத்து ஆண்டுகள் செல்லும்.

6. ஆள் எடுக்கும் நிறுவனம். ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள்சேர்ப்பு உரிமம் உள்ளதா என்று டி.ஜி. ஷிப்பிங் பட்டியலில் பார்க்க வேண்டும். இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தப்படி, வேலை வாங்கித் தருவதற்கு என்று கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது. மருத்துவம், பாஸ்போர்ட், சி.டி.சி. செலவுகள் தவிர வேறு எதையும் ‘ஜாயினிங் சார்ஜ்’ என்று கேட்டால் அது சட்டவிரோதம்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

குமரி மாவட்டத்தவர் பெரும்பாலும் தூத்துக்குடி, கொச்சி, சென்னை என்று வெளியூர்களுக்குத்தான் இந்த வகுப்புகளுக்காகப் போகிறார்கள். கட்டணத்தை ஒப்பிடுமுன் நேரில் போய் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: மிதவையைக் கவிழ்த்துப் பழகும் அளவுக்கு ஆழமுள்ள குளம், உண்மையான தீயை மூட்டி அணைக்கும் இடம், புகை நிரப்பிய அறை. பழைய மாணவர் யாரையாவது பிடித்து, “தண்ணீரில் குதித்தாயா, கையெழுத்து மட்டும் போட்டாயா?” என்று கேட்க வேண்டும்.

வகுப்புக்கே வராமல் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். போலிச் சான்று பிடிபட்டால் சி.டி.சி. போகும், வழக்கு வரும். பிடிபடாமல் போனால் அதைவிட மோசம். ஒருநாள் கப்பல் சாயும்போது கையில் அந்தக் காகிதம் மட்டும்தான் இருக்கும்.

குளத்தில் கற்பது

ஐந்தில் அதிக நேரமும் கவனமும் தர வேண்டியது கடலில் உயிர் பிழைக்கும் பாடத்துக்குத்தான். லைஃப் ஜாக்கெட்டைத் துணையின்றி ஒரு நிமிடத்துக்குள் சரியாக அணிய வேண்டும். குளிர் தாங்கும் இம்மர்ஷன் சூட்டுக்கு இரண்டு நிமிடம். பகலில், நிதானமாக, இதைச் செய்வது எளிது. கண்ணை மூடிக்கொண்டு பழகிப் பார்ப்பவருக்கே இரவில் கை ஓடும்.

உயரத்திலிருந்து குதிக்கும் வரிசை:

1. ஜாக்கெட் வாரை இறுக்கிக் கட்டவும். தளர்ந்திருந்தால் தண்ணீரில் விழும்போது அது மேலே எழும்பித் தாடையில் அடிக்கும்.

2. கீழே ஆளோ மிதவையோ மரத்துண்டோ இருக்கிறதா என்று பார்க்கவும்.

3. ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தவும். மற்றக் கையைக் குறுக்காகப் போட்டு ஜாக்கெட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கவும்.

4. பார்வையை நேரே நிறுத்தி, ஓரடி எடுத்து வைப்பதுபோல இறங்கவும். கால்கள் சேர்ந்திருக்கட்டும்.

கடற்புறத்துப் பையன்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்து பழகிய உடம்பு, ஜாக்கெட்டோடும் அப்படியே பாயப் பார்க்கிறது. கழுத்து ஒடியும். உண்மையில் குதிப்பதே கடைசி வழி. ஏணியோ வலையோ இருந்தால் அதில் இறங்கி, நனையாமல் மிதவைக்குப் போவதே சிறந்தது.

தண்ணீரில் விழுந்த பிறகு நீந்தித் திரிய வேண்டாம். முழங்காலை மார்போடு சேர்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு மிதக்க வேண்டும். நான்கைந்து பேர் இருந்தால் ஒருவரையொருவர் அணைத்து வட்டமாகக் கிடக்க வேண்டும். நம் கடல் வெதுவெதுப்பானதுதான். ஆனாலும் உடல் சூடு 37 டிகிரி, தண்ணீர் சூடு 28 டிகிரி என்றால் மணிக்கணக்கில் சூடு கசிந்துகொண்டே இருக்கும்.

கவிழ்ந்த மிதவையை நிமிர்த்துவதுதான் பலரும் அஞ்சும் பகுதி. கறுப்பு ரப்பர் அடிப்பாகம் மேலே தெரியும், அதன் குறுக்கே ஒரு பட்டை ஓடும், ஓரத்தில் வாயு உருளை இருக்கும். அந்த உருளை காற்றின் மறைவுப் பக்கம் வரும்படி மிதவையைத் திருப்ப வேண்டும். உருளைமேல் ஏறி நின்று, பட்டையை இரு கையாலும் பிடித்து, உடம்பின் முழு எடையையும் பின்னால் சாய்க்க வேண்டும். எதிர் ஓரம் மெல்ல எழும்பும். காற்று அதன் அடியில் புகுந்து மீதி வேலையைச் செய்துவிடும். மிதவை நிமிர்ந்து ஆளின் மேலேயே விழும். அந்த நொடியில் பதற்றம் வரும். மல்லாந்தபடியே கையால் ரப்பரை மேலே தள்ளினால் முகத்துக்கு முன்னால் கொஞ்சம் காற்று கிடைக்கும். அப்படியே மல்லாந்து பக்கவாட்டில் வெளியேற வேண்டும். குப்புறத் திரும்பினால் ஜாக்கெட் மேலே தூக்கி, அடியிலேயே மாட்டிவிடும். பயிற்சியாளர் ஒரு முறை போதும் என்றாலும் இன்னொரு முறை கேட்டுச் செய்து பார்ப்பது நல்லது.

உள்ளே ஏறியதும் முதல் நான்கு வேலைகள்: கப்பலோடு கட்டியிருக்கும் கயிற்றை அறுக்க, மிதவைக்கான கடல் நங்கூரத்தை விட, கூடாரக் கதவை மூட, காற்றுக் குறைவையும் ஓட்டையையும் பார்க்க. பிறகு எல்லாரும், கடல் பழகியவரும்கூட, வாந்தித் தடுப்பு மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும். மூடிய மிதவையின் ஆட்டம் வள்ளத்தின் ஆட்டம் போல இருக்காது. ஒருவர் வாந்தி எடுத்தால் உடம்பிலிருந்து தண்ணீர் போகும், அங்கே தண்ணீர் விலைமதிப்பற்றது. மிதவையில் ஓர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்தான் வைத்திருப்பார்கள். காயம் பட்டவருக்குத் தவிர முதல் 24 மணி நேரம் யாருக்கும் தண்ணீர் கிடையாது. அதன்பின் நாளுக்கு அரை லிட்டர். கடல் தண்ணீரை ஒரு வாயும் குடிக்கக் கூடாது.

பாராசூட் வெடியும் கைத்தீவட்டியும் விமானத்தின் அல்லது கப்பலின் ஒலி கேட்ட பிறகே. கைத்தீவட்டி ஒரு நிமிடம்தான் எரியும். மிதவைக்கு வெளியே, காற்று அடித்துச் செல்லும் பக்கம் நீட்டிப் பிடிக்க வேண்டும். கனல் துளி ரப்பரில் விழுந்தால் மிதவை போய்விடும்.

தீயும் புகையும்

கப்பலில் தீ பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது. அங்கிருக்கும் இருபது சொச்சம் பேர்தான் அணைக்க வேண்டும். கண்டவர் முதலில் குரல் கொடுத்து அலாரத்தை அழுத்த வேண்டும், பிறகே கையிலிருக்கும் கருவியால் அணைக்கப் பார்க்க வேண்டும். தனியாக நின்று அணைத்துக் காட்டப் போய்ப் பத்து நிமிடம் வீணாக்கியவரால் முழுக் கப்பலுக்கும் ஆபத்து.

புகை அறைக்குள் போகும் பயிற்சியில் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. முகமூடி ஒட்டியிருக்கிறதா என்று காற்றை அடைத்துச் சோதிக்கவும். தாடி இருந்தால் இடைவெளி விழும். பயிற்சிக்கு முன் மழித்துவிடவும்.

2. முதுகில் மாட்டிய காற்று உருளையின் அழுத்தத்தைப் படித்து, வெளியே நிற்பவரிடம் சொல்லவும். அவர் நேரம் குறிப்பார்.

3. இருவராகவே போகவும். ஒருவர் திரும்பினால் இருவரும் திரும்ப வேண்டும்.

4. கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, குனிந்து, கொஞ்சமாகத் திறக்கவும்.

5. காற்று குறைவதை அறிவிக்கும் எச்சரிக்கை விசில் ஒலித்தால் அந்த நொடியே வெளியேறவும். ‘இன்னும் ஒரு மூலைதான்’ என்பது கூடாது.

தப்பிக்க மட்டும் தரப்படும் சிறு சுவாசக் கருவி ஒன்று கப்பலில் உண்டு. பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். அதை மாட்டிக்கொண்டு தீயணைக்கப் போவது உயிரைக் கொடுப்பதற்குச் சமம். சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்வையால் மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். இன்ஜின் அறைக்குக் கார்பன் டை ஆக்சைடு விடுமுன் தலை எண்ணி, உள்ளே ஒருவரும் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அந்த வாயு தீயையும் அணைக்கும், ஆளையும் கொல்லும்.

மூடிய தொட்டி

நம் ஊரில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் மயங்க, காப்பாற்றப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் சாகும் செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. கப்பல் தொட்டிகளிலும் சரக்கறைகளிலும் நடப்பது இதேதான். துருப்பிடிக்கும் இரும்பும், நிலக்கரியும், மரத்தடியும் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். விசைப்படகின் மீன் அறையில் அழுகும் மீனிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வாசனையை நம்பக் கூடாது. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும்.

கருவி 20.9 சதவீத ஆக்சிஜன் காட்டாமல், எழுத்து அனுமதி இல்லாமல், வாசலில் ஓர் ஆள் நிற்காமல் இறங்கக் கூடாது. டெக் ஆள்களின் தலைவரான போசன் அவசரப்படுத்தினாலும் கூடாது. உள்ளே ஒருவர் விழுந்துகிடப்பதைக் கண்டால் அலாரம் கொடுத்துவிட்டு வெளியிலேயே நிற்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை இதற்கான மீட்பு ஒத்திகை நடக்க வேண்டும் என்பது 2015 முதல் சட்டம்.

முதலுதவியில் கைவிட வேண்டிய ஊர்ப் பழக்கங்கள்

மூழ்கி எடுக்கப்பட்டவரைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டையும் விட வேண்டும். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாய்வழி மூச்சு கொடுத்து, பிறகு 30 முறை மார்பை அழுத்தி, 2 முறை மூச்சு என்று தொடர வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் ஐந்து செ.மீ.க்குக் குறையாமல். தீக்காயத்துக்குப் பற்பசையும் மையும் மாவும் வேண்டாம். ஓடும் நல்ல தண்ணீர் இருபது நிமிடம்.

மற்ற இரண்டு பாடங்களை மாணவர்கள் தூங்கிக் கழிக்கிறார்கள். அது தவறு. 24 மணி நேரத்தில் 10 மணி, வாரத்தில் 77 மணி ஓய்வு கடலோடியின் உரிமை என்பதும், துன்புறுத்தல் நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்பதும், கடற்கொள்ளையர் ஏறினால் எங்கே ஒதுங்குவது என்பதும் அவற்றில்தான் வருகின்றன. முதல் முறை போகும் இருபது வயதுக்காரருக்கு இவை தெரிந்தே ஆக வேண்டும்.

கப்பலில் முதல் நாள்

பையை வைத்ததும், அவசரத்தில் யார் எங்கே என்ன செய்வது என்று சொல்லும் மஸ்டர் பட்டியலைப் பார்க்க வேண்டும். தன் எண், கூடும் இடம், லைஃப் போட், தீயில் தன் வேலை, இந்த நான்கும் மனப்பாடமாக வேண்டும். பிறகு கேபினிலிருந்து கூடும் இடத்துக்குச் சுவரைத் தொட்டுக்கொண்டு, கதவுகளை எண்ணியபடி ஒரு முறை நடந்துவிட வேண்டும். இருட்டில் அந்த எண்ணிக்கை வழிகாட்டும்.

ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட குட்டைச் சங்கும் ஒரு நீளச் சங்கும் ஒலித்தால், ஜாக்கெட்டோடு கூடும் இடத்துக்கு வர வேண்டும். அவ்வளவுதான். கடலில் குதி என்று அதற்கு அர்த்தமில்லை. கப்பலைக் கைவிடும் ஆணை கேப்டன் வாயிலிருந்து தனியாக வரும்.

மாதம் ஒரு தீயணைப்பு ஒத்திகை, ஒரு கைவிடல் ஒத்திகை ஒவ்வொருவருக்கும் கட்டாயம். லைஃப் போட் ஒத்திகையிலேயே கொக்கி கழன்று பலர் இறந்திருக்கிறார்கள். அதனால் விழுவதைத் தடுக்கும் கூடுதல் பிணைப்பு மாட்டியிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் உள்ளே உட்காரக் கூடாது. ஏறியதும் பெல்ட்டைப் போட வேண்டும். எதற்கு என்று தெரியாத கைப்பிடியைத் தொடக் கூடாது.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை

உயிர் பிழைக்கும் முறைக்கும் தீயணைப்புக்கும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்புப் பயிற்சி வேண்டும். மருத்துவச் சான்று இரண்டு ஆண்டே செல்லும். ஒப்பந்தம் ஒன்பது மாதம் என்றால், அந்த ஒன்பது மாதமும் முடிந்து இறங்கும் தேதிவரை எல்லாச் சான்றும் உயிரோடு இருக்கிறதா என்று ஏறுமுன் கணக்குப் பார்க்க வேண்டும். விடுமுறைக்கு ஊர் வந்தவர்கள் திருவிழாவும் கல்யாணமும் முடியட்டும் என்று தள்ளிப்போடுவது வழக்கம். அக்டோபரில் ஏற வேண்டியவர் ஆகஸ்டிலேயே இடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடைசி வாரத்தில் போய் நின்றால் பேட்ச் நிறைந்திருக்கும், ஜாயினிங் வேறொருவருக்குப் போய்விடும்.